சக்கை சருகான கதை

மார்த்தாண்டத்தில் மெய்ப்புத் திருத்துவதுதான் என் பிழைப்பு. போன மாதம் ஓய்வுபெற்ற சார் ஒருவர், தன் கைப்பணம் கட்டி ஒரு பதிப்பகத்தில் போட்ட நூலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "முற்றத்தில் சக்கை பழுத்து விழுந்தது" என்று எழுதிக் கொடுத்தாராம். நூலில் "சருகு விழுந்தது" என்று இருக்கிறது. இந்தப் பக்கம் பலாவைச் சக்கை என்போம் என்பது பதிப்பகத்தாருக்குத் தெரியவில்லை. அதில் தப்பில்லை. ஆனால் ஒரு போன் போட்டுக் கேட்கவில்லை, அச்சுக்குப் போகுமுன் மெய்ப்பும் காட்டவில்லை.

"பன்னிரண்டு வருச அனுபவம், இருநூறு புத்தகம்னு சொன்னாவளே, மக்கா" என்றார்.

நூலின் தலைப்புப் பக்கத்தைத் திருப்பினேன். ஐஎஸ்பிஎன், அதாவது நூலுக்கு நூல் மாறும் அடையாள எண்ணில், 978-93 என்பதை அடுத்து வரும் துண்டு பதிப்பகத்துக்கு உரியது. அதற்கடுத்தது அந்த நூலுக்கு உரியது. நூலுக்கான துண்டில் ஒரே ஓர் இலக்கம் இருந்தால், அந்த வரிசையில் பத்து நூல்களுக்குத்தான் இடம். சாரின் நூலில் ஒற்றை இலக்கம்தான். வேறு வரிசையும் வாங்கி வைத்திருக்கலாம், மறுக்கவில்லை. பழைய வெளியீடுகள் நாலைந்தைக் கேட்டு வாங்கி எண்களை ஒப்பிட்டிருந்தால் இருநூறு புத்தகம் மெய்யா பொய்யா என்பது அன்றைக்கே தெரிந்திருக்கும். இதில் கொடுமை, அந்த எண்ணுக்கென்று தனியாக 3,000 ரூபாய் வேறு வாங்கியிருக்கிறார்கள். ஐஎஸ்பிஎன் வழங்கும் மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது. தன் செலவில் நூல் போடுகிற எழுத்தாளரே நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

எழுத்தாளர் பணம் கட்டி நூல் போடுவது பாவம் ஒன்றுமில்லை. ஆனால் அச்சடித்துக் கொடுப்பது வேறு, பதிப்பிப்பது வேறு. எல்லை தாண்டிக் கோட்டயத்தில், 1945-இலேயே எழுத்தாளர்கள் கூட்டுறவுச் சங்கம் வைத்துத் தங்கள் நூல்களைத் தாங்களே பதிப்பித்தார்கள். இங்கே முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு உரிமையையும் எழுதி வாங்குகிறார்கள். சாரின் ஒப்பந்தத்தில் உரிமை "நிரந்தரமாக" என்று இருந்தது. காலம் எதுவும் குறிப்பிடாமல் விட்டிருந்தால்கூட, 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஐந்து ஆண்டுதான்.

அப்புறம், நூலக ஆணை, அதாவது அரசு நூலகங்களுக்கு நூலை வாங்கும் உத்தரவு, வாங்கித் தருகிறேன் என்று அடித்துச் சொல்பவரிடம் நான் மேற்கொண்டு பேசுவதே இல்லை. மற்றப் பதிப்பகத்தார் என்றால், அவர்கள் மூன்று வருடம் முன்பு நூல் போட்டுக் கொடுத்த எழுத்தாளர் ஒருவரைத் தேடிப் பிடித்து, விற்பனைக் கணக்கு ஒரு தடவையாவது கைக்கு வந்ததா என்று கேட்பேன்.

சார் இப்போது மிச்சமிருக்கும் 180 பிரதிகளிலும் சருகை அடித்துவிட்டுச் சக்கை என்று பேனாவால் எழுதிக்கொண்டிருக்கிறார்.