வெடிப்பு எட்டாத இடத்தில் பிளாஸ்டிக்

துடைத்து எண்ணெய் போடுவதற்காக ஒரு குளாக் 17 பிஸ்டலைப் பிரித்தால், தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசினைத் தவிர நான்கு பகுதிகள் மேசைமீது கிடக்கும். எஃகுக் குழல், குழலை மூடி முன்னும் பின்னும் ஓடும் எஃகு ஸ்லைடு, ஒரு சுருள்வில், கைப்பிடியோடு சேர்ந்த சட்டகம். முதல் இரண்டும் கனமானவை. சட்டகத்தை எடுத்துப் பார்த்தால் விளையாட்டுச் சாமான் போல இருக்கும், ஏனென்றால் அது நைலான் வகையைச் சேர்ந்த பாலிமர், அதாவது பிளாஸ்டிக்.

9 மி.மீ. தோட்டா வெடிக்கும்போது, அது அமர்ந்திருக்கும் குழலின் பின்புற அறைக்குள் எழும் அழுத்தம், நம்மைச் சூழ்ந்திருக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 2,300 மடங்கு வரை போகும். நைலான் அதை எப்படித் தாங்குகிறது என்று கேட்கத் தோன்றும். அந்த அழுத்தம் நைலானிடம் வருவதே இல்லை. இந்த வகைத் துப்பாக்கியின் நிறை, குறை இரண்டையும் புரிந்துகொள்ள இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சுடும் கணத்தில் குழலின் தடித்த பின்பகுதி, தோட்டாவின் வெற்று உறை வெளியேறும் திறப்பில் பொருந்தி ஸ்லைடோடு பூட்டிக்கொண்டிருக்கும். குண்டு முன்னே பாய, பூட்டிய இரண்டும் சேர்ந்து சில மி.மீ. பின்னே நகரும். குண்டு குழலைவிட்டு வெளியேற நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அது போய் அழுத்தம் தணிந்த பிறகே குழலின் பின்புறம் கீழே சாய்ந்து பூட்டு விடுபடுகிறது. பிறகு ஸ்லைடு மட்டும் தனியே ஓடி, வெற்று உறையை வெளியே எறிந்து, சுருள்வில்லை அமுக்கி, அந்த வில்லின் உதைப்பில் திரும்பி வரும்போது அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளுகிறது. நூறாண்டுக்கும் முன்னே அமெரிக்கரான ஜான் பிரௌனிங் வகுத்த வழி இது. வெடிப்பின் வேகம் முழுவதும் எஃகுக்கும் எஃகுக்கும் இடையிலேயே முடிந்துவிடுகிறது. சட்டகம் ஸ்லைடுக்குப் பாதை காட்டுகிறது, சுடுவதற்கு விரலால் அழுத்தும் விசையையும் மேகசினையும் ஏந்துகிறது, ஸ்லைடு கடைசியில் வந்து மோதும்போது தடுத்து நிறுத்துகிறது. அந்தப் பாதையிலும் ஸ்லைடு உராய்வது பாலிமருக்குள் பதித்த சிறு எஃகுத் துண்டுகளின் மேல்தான்.

பாலிமர் சட்டகத்தோடு வந்த முதல் பிஸ்டல் இது அன்று. ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் 1970இலேயே விபி70 என்ற பிஸ்டலைக் கொண்டுவந்தது. அதன் விசை மிகக் கடினம், பெரிதாக எடுபடவில்லை. உலகத்தைத் திருப்பியது, அதுவரை பிஸ்டலே செய்திராத காஸ்டன் குளாக்கின் வடிவமைப்புதான். ஆஸ்திரிய ராணுவம் 1982இல் அதை ஏற்றுக்கொண்டது.

எடைக்கு வருவோம். தோட்டா நிரப்பிய குளாக் 17 சுமார் 900 கிராம். முழு எஃகுப் பிஸ்டல் எளிதாக 1.2 கிலோவைத் தொடும். நாள் முழுவதும் இடுப்பில் சுமக்கும் காவலருக்கு இந்த 300 கிராம் பெரிய விஷயம். வியர்வையும் மழையும் பாலிமரை அரிக்காது. உலோகத்தைவிட அது வெப்பத்தைக் குறைவாகவே கடத்துவதால் ஆல்ப்ஸ் மலைக் குளிரிலும் கைப்பிடி விரலைச் சுடுவதுபோல் சில்லிடாது. எஃகுச் சட்டகத்தைக் கட்டியிலிருந்து கடைந்தெடுக்க வேண்டும், இதையோ அச்சில் ஊற்றி எடுத்துவிடலாம்.

ஆனால் குறைந்த எடைக்கு இயற்பியல் விலை கேட்கிறது. 8 கிராம் குண்டு நொடிக்கு 350 மீட்டர் வேகத்தில் போனால் அதே உந்தம் துப்பாக்கிக்குப் பின்னோக்கிக் கிடைக்கிறது. கணக்குப் போட்டால் 1.2 கிலோ பிஸ்டல் சுமார் 3.3 ஜூல் ஆற்றலோடு கையை உதைக்கும், 900 கிராம் பிஸ்டல் சுமார் 4.4 ஜூல். மூன்றில் ஒரு பங்கு கூடுதல். சட்டகம் சற்று வளைந்து கொடுப்பதால் அதிர்ச்சி கொஞ்சம் பரவித் தணிகிறது என்றாலும் உந்தம் எங்கும் போய்விடாது. இன்னொன்றும் உண்டு. 17 தோட்டாக்களின் எடை சுமார் 200 கிராம். மேகசின் காலியாகக் காலியாகத் துப்பாக்கியின் கனம் மேலே, எஃகின் பக்கமே மிஞ்சுகிறது. கடைசித் தோட்டாவைச் சுடுபவர் கையில் இருப்பது முதல் தோட்டாவைச் சுட்ட அதே துப்பாக்கி அல்ல.

மணிக்கட்டைத் தளர்த்திச் சுட்டால் இது சிக்கிக்கொள்வதற்கும் எடையே காரணம். ஸ்லைடு முழுத் தூரம் ஓட வேண்டுமானால் சட்டகம் அசையாமல் நிற்க வேண்டும். கனமான சட்டகம் தன் நிறையாலேயே ஓரளவு நின்றுகொள்ளும். இலேசான சட்டகத்துக்குக் கைதான் துணை. கை தளர்ந்தால் சட்டகமும் ஸ்லைடோடு பின்னே போகிறது, வில் முழுதாக அமுங்குவதில்லை, வெற்று உறை திறப்பிலேயே மாட்டிக்கொள்கிறது.

வேறு சில புகார்கள் பாலிமரின்மேல் தவறாக ஏற்றப்படுகின்றன. விமான நிலையச் சோதனையில் இது சிக்காது என்ற அச்சம் 1980களில் அமெரிக்காவில் பரவியது. துப்பாக்கியின் எடையில் பெரும்பகுதி எஃகு. எக்ஸ்ரே திரையில் அது தெளிவாகவே தெரியும். கைவிரலால் தள்ளும் பாதுகாப்புப் பொத்தான் இதில் இல்லை என்பது மெய்தான், ஆனால் அது வடிவமைப்பாளரின் தேர்வு, பிளாஸ்டிக்கின் குணம் அல்ல. கீழே விழுந்தால் வெடிக்காதபடி உள்ளே தடைகள் உண்டு. விசையில் விரல் பட்டு அழுந்தினால் வெடிக்கும். பிரிப்பதற்கு முன் விசையை ஒருமுறை அழுத்தியாக வேண்டும் என்பதுதான் எனக்கு உண்மையில் கவலை தருவது. அறைக்குள் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யாமல் அதை அழுத்தியவர்களுக்குக் காயம் ஏற்பட்டிருக்கிறது.

தேய்ந்த குழலை மாற்றலாம், ஸ்லைடையும் வில்லையும் மாற்றலாம். எஃகு பதித்த இடத்தில் பாலிமர் பிளந்தால் உலோகம்போல் பற்றவைத்துச் சரிசெய்ய முடியாது. தொடர் எண் பொறித்த உலோகத் தகடும் அந்தச் சட்டகத்துக்குள்தான் பதிந்திருக்கிறது. அமெரிக்கச் சட்டத்தின் கணக்கில் துப்பாக்கி என்பது அந்தச் சட்டகமே, மற்றவை உதிரிபாகங்கள்.