ஜீப் மணலில் புதையாமல் ஓடுவது எப்படி?

துபாயிலிருந்து ஹத்தா போகும் வழியில் லஹ்பாப் என்று ஓர் இடம். டெசர்ட் சஃபாரி போனவர்கள் பார்த்திருக்கலாம், இரும்பு ஆக்சைடு படிந்த துகள்களால் செக்கச்செவேலென்று கிடக்கும் மணல்மேடுகள். மேட்டில் ஏறுவதற்கு முன்னால் டிரைவர் வண்டியை ஓரங்கட்டி இறங்கி, நாலு டயரிலும் காற்றைத் திறந்துவிடுவார். புஸ்ஸென்று சத்தம் வரும், டயர் தரையோடு உட்காரும் இடத்தில் பக்கவாட்டு ரப்பர் பிதுங்கிக்கொண்டு வரும். முதல்முறை பார்ப்பவர்கள் பயந்துவிடுவார்கள். ஆனால் மொத்தப் பயணமும் அந்தச் சில நிமிஷ வேலையை நம்பித்தான் நடக்கிறது.

கணக்கு ரொம்ப எளிது. டயர் தரையை அழுத்தும் அழுத்தம், ஏறக்குறைய உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம்தான். ஆட்களோடு சேர்த்து வண்டி 3 டன் என்று வைத்துக்கொண்டால் ஒரு டயருக்கு 750 கிலோ. காற்றழுத்தம் 35 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டு) இருக்கும்போது அந்த எடை முழுக்க சுமார் 300 சதுர செ.மீ. இடத்தில், அதாவது ஏ4 தாளில் பாதி அளவில் இறங்குகிறது. 15-க்குக் குறைத்தால் அதுவே 700 சதுர செ.மீ. ஆகிவிடும், எடை பரவுவதால் டயர் அவ்வளவாகப் புதையாது. மணலில் படும் பகுதி அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் கூடுகிறது, அதனால் சக்கரம் தனக்கு முன்னால் மணலைக் குவித்து அதன் மேலேயே ஏறத் திணறுவதும் குறைகிறது. இன்னும் குறைத்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். அப்படிச் செய்தால் ஒரு திருப்பத்திலேயே டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். இதே அழுத்தத்தோடு தார்ச்சாலையில் வேகமாகப் போனாலும் ஆபத்து, ரப்பர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கக்கூடும்.

1920-களின் கடைசியிலேயே ரால்ஃப் பேக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி இந்த வித்தையை வைத்துக்கொண்டு லிபியப் பாலைவனத்தில் சாதாரண ஃபோர்டு கார்களை ஓட்டினார். வண்டி சிக்கினால் சக்கரத்துக்கு அடியில் போட இரும்புத் தகடுகளும் கூடவே போகும். அதோடு விடாமல், ஊர் திரும்பிக் காற்றுச் சுரங்கம் (உள்ளே காற்றை வீசவிட்டுச் சோதிக்கும் குழாய்) கட்டி, மணல் எப்படி நகர்கிறது என்று அளந்து 1941-ல் புத்தகமாகவே போட்டுவிட்டார். மணல்மேட்டு ஆய்வாளர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள். எவ்வளவு பெரிய வேலை அது!

அவர் அளந்த விஷயம்தான் டிரைவரின் கண்ணிலும் இருக்கிறது. காற்று வீசும் பக்கத்தில் துகள்கள் துள்ளித் துள்ளி வந்து விழுந்து, ஒன்றையொன்று இடித்து நெருக்கமாகப் படிவதால் தரை கெட்டியாக இருக்கும், சரிவும் குறைவு. உச்சியைத் தாண்டிய துகள்கள் மறுபக்கம் பொலபொலவென்று சும்மா விழுந்து கிடப்பவை. அந்தச் சரிவு சுமார் 34 டிகிரி வரைதான் நிற்கும், மேலே கொஞ்சம் மணல் சேர்ந்தாலும் சரிந்துவிடும். அதனால் முடிந்தவரை கெட்டிப் பக்கமாக ஏறி, மெத்தென்ற பக்கமாக நேர்க்கோட்டில் இறங்குவார்கள். குறுக்கே இறங்கினால் கீழ்ப்பக்கச் சக்கரங்கள் மணலில் புதைய, வண்டி அந்தப் பக்கமே உருண்டுவிடும்.

இறங்கும்போது பின்பக்கம் ஒரு பக்கமாக நழுவ ஆரம்பித்தால் நமக்குக் கால் தானாக பிரேக்குக்குப் போகும். பிரேக் பிடித்தால் முன்சக்கரம் மணலில் குத்தி நின்றுவிடும், பின்பக்கம் இன்னும் வேகமாகச் சுற்றிக்கொண்டு வரும். அனுபவமுள்ள டிரைவர் ஸ்டியரிங்கைச் சரிவுக்கு நேராகப் பிடித்து ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதிப்பார். சக்கரங்கள் முன்னால் இழுக்க, வண்டி நேராகிவிடும்.