ஆர்கானிக்குக்கு மாறினால் தட்டில் காய் குறையக் கூடாது

உணவு ஆலோசனைக்கு வருபவர்களை, ஒரு வாரம் வீட்டில் சமைத்ததை எழுதிவரச் சொல்வேன். ஆர்கானிக் கடைக்கு மாறிய குடும்பங்களின் குறிப்பில் அடிக்கடி ஒன்றைப் பார்க்கிறேன். காயின் அளவு குறைந்திருக்கும். ஆர்கானிக் காய்க்கு விலை கூடுதல், மளிகைக்கு ஒதுக்கும் பணம் அதேதானே.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல்படி, ஒருவருக்கு நாளொன்றுக்குக் கீரையும் சேர்த்து 400 கிராம் காய் வேண்டும். வீட்டில் நான்கு பெரியவர்கள் என்றால் 1.6 கிலோ. கிலோவுக்கு 30 ரூபாய் கூடினாலே மாதம் 1,440 ரூபாய் அதிகம்.

இதற்காக ஆர்கானிக் விவசாயியைக் குறை சொல்ல முடியாது. ரசாயன உரம் போடுபவருக்கு 45 கிலோ யூரியா மூட்டை 266.50 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அசல் விலையின் பெரும்பகுதி மத்திய அரசின் மானியம். அதாவது, மலிவான கத்தரிக்காய்க்கு நாம் வரியாகவும் கொஞ்சம் கொடுக்கிறோம். தொழுவுரத்துக்கும் களையெடுக்கும் கூலிக்கும் அந்த அளவு மானியம் கிடையாது. நெல்லிலும் இதே கதைதான். ஆடுதுறை 43 என்ற ரகம் சுமார் 110 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். பாரம்பரிய ரகமான மாப்பிள்ளைச் சம்பா ஐந்து மாதம் வயலில் நிற்கும், விளைச்சலும் குறைவு. ஆர்கானிக் சான்று வாங்க ஆண்டுப் பயிருக்கு 2 ஆண்டு, தென்னை, மா போன்றவற்றுக்கு 3 ஆண்டு மாறுதல் காலம் உண்டு. அதுவரை ரசாயனம் போடவும் கூடாது, ஆர்கானிக் விலையும் கிடைக்காது. அப்புறம் வண்டி வாடகை, கடையில் வாடிப்போகும் காய். விவசாயியிடம் நேரடியாக வாங்கினால் கடைசி இரண்டு செலவும் நிறையவே குறையும்.

கொடுக்கும் கூடுதல் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? 2012இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பூச்சிமருந்து எச்சம் ஆர்கானிக்கில் குறைவாக இருந்தது. அதனால் எல்லாவற்றையும் மாற்றச் சொல்ல மாட்டேன். கத்தரி, காலிஃபிளவர், பச்சை மிளகாய், கீரை போன்று மருந்து அதிகம் தெளிக்கப்படுவதை, தோலோடு சாப்பிடுவதை முதலில் மாற்றலாம். உரித்துச் சாப்பிடும் வாழைப்பழம், வெங்காயம், தேங்காய்க்கு அவசரமில்லை. கறிவேப்பிலைக்கு ஒரு தொட்டி போதும்.

பாக்கெட்டில் வாங்கினால், ஆர்கானிக்குக்கான ‘ஜைவிக் பாரத்’ போன்ற அரசு முத்திரையைப் பாருங்கள். ஆர்கானிக் சர்க்கரைக்கும் பிஸ்கட்டுக்கும் கூடுதல் காசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சர்க்கரை நோயாளிக்கு ஆர்கானிக்கும் சாதாரணமும் ஒன்றுதான். அந்தப் பணத்தில் இன்னொரு கட்டு கீரை வாங்கலாம்.