8 டிகிரி தண்ணிக்கு உன் நீச்சல் தெரியாது தம்பி

திங்கக்கிழமை சாயங்காலம், டோக்கன் 14. வைத்திக்குப்பத்துல இருந்து வர்ற ஆயா, சுகர், பிரஷர்னு இருபது வருஷமா என்கிட்டதான் பாக்குது. அன்னிக்கு மாத்திரைக்கு வரல. போனை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கினு உள்ள வந்து "டாக்டரு, இவன்கிட்ட கொஞ்சம் பேசுங்க"ன்னு நீட்டுச்சு. வீடியோ கால்ல பேரன், பிரான்சுல படிக்கிறவன், கழுத்து வரைக்கும் கம்பளிய சுத்திக்கிட்டு உக்காந்திருக்கான். முந்தின நாள் கயாக் ரேஸ்ல படகு கவுந்து ஆத்துல விழுந்திருக்கான், ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில வச்சிருந்துட்டு அனுப்பியிருக்காங்க.

ஆயாவோட கேள்வி என்ன தெரியுமா? "ஜில்லு தண்ணியில வுழுந்துட்டான் டாக்டரு, தலையில நீர் கோத்துக்கும்ல, அதுக்கு எதுனா எழுதிக் குடுங்க."

ஆயாவ குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா அதே கேள்விய கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து பையனோட அப்பாவும் போன்ல கேட்டாரு, அப்பதான் எனக்கு எரிச்சல் வந்துச்சு, அதான் இதை எழுதுறேன். இந்த மாதிரி என் காதுக்கு வந்ததே இது நாலாவது. நாலு பேரும் நம்ம கடற்கரைப் புள்ளைங்க. நாலு வீட்டுலயும் ஒரே டயலாக்: "அவனுக்கு நல்லா நீச்சல் தெரியுமே டாக்டர்!"

பாண்டிச்சேரிக்காரங்களுக்கு பிரான்ஸ் கதைய புதுசா சொல்ல வேண்டாம், 1962ல ஒப்பந்தம் அமலுக்கு வந்தப்ப பிரெஞ்சு குடியுரிமைய எடுத்துக்கிட்ட குடும்பம் எவ்வளவோ, தெருவுக்கு ஒரு சொல்தா (பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவரு) வீடு இருக்கும். இப்ப பேரப்புள்ளைங்க படிக்கப் போறாங்க. கடலூர் பக்கத்துல இருந்து ஜெர்மனி, அயர்லாந்துன்னு போறவங்களும் ஜாஸ்தி. அங்க போனதும் காலேஜ் கிளப்புல கயாக் இருக்கும். நம்ம பையனுக்கு சுண்ணாம்பாறுலயோ பிச்சாவரத்துலயோ துடுப்பு போட்ட பழக்கம் இருக்கும், உடனே சேர்ந்துடுவான். குளிர்காலம் முழுக்க ஜிம்ல மெஷின்ல துடுப்பு இழுப்பான். பிப்ரவரி, மார்ச்ல சீசனோட முதல் ரேஸ் வரும், பேரைக் குடுத்துடுவான்.

அந்த முதல் ரேஸ்தான் ஆபத்து. வெளிய வெயில் அடிக்கும், காத்து 15, 16 டிகிரி, கோட்டைக் கழட்டிட்டு எல்லாரும் சிரிச்சுக்கிட்டு நிப்பாங்க. தண்ணி மட்டும் இன்னும் குளிர்காலத்துலயே இருக்கும். நம்ம வீட்டுலயே பாருங்க, மொட்டை மாடி டேங்க் தண்ணி மத்தியானம் கொதிக்கும், கிணத்துத் தண்ணி அப்பவும் சில்லுன்னுதான் இருக்கும். அங்க ஆறும் ஏரியும் சூடாக மாசக்கணக்கா ஆகும், மார்ச்ல 10 டிகிரிக்குக் கீழ இருக்கறது சாதாரணம். மலையில பனி உருகி வர்ற ஆறா இருந்தா மே மாசம்கூட நம்ப முடியாது. இந்தப் பையன் வெயிலைப் பாத்துட்டு பருத்தி டீஷர்ட், அரை டவுசரோட படகுல ஏறியிருக்கான். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தான், அதனாலதான் ஆயா என்கிட்ட நீர் கோக்குறதப் பத்திக் கேட்டுச்சு, வேற எதையும் கேக்கல.

இப்ப அந்த நீச்சல் விஷயத்துக்கு வரேன், பொறுமையா படிங்க, ஏன்னா இதத்தான் யாரும் நம்ப மாட்டேங்கறாங்க.

நம்ம வங்கக்கடல் மார்கழியிலகூட 25 டிகிரிக்குக் கீழ போறது அபூர்வம். நீங்க காந்தி சிலை பக்கமோ தேவனாம்பட்டினத்துலயோ கத்துக்கிட்ட நீச்சல் எல்லாமே வெதுவெதுப்பான தண்ணியில கத்துக்கிட்டது. 8 டிகிரி தண்ணியில திடீர்னு விழுந்தா முதல்ல நடக்கறது நீச்சல் இல்ல, மூச்சு. தோல்ல குளிர் பட்ட செகண்ட்லயே உடம்பு தானா ஒரு பெரிய மூச்சை உள்ள இழுக்கும், நீங்க வேணாம்னாலும் இழுக்கும், வாய் தண்ணிக்குள்ள இருந்தாலும் இழுக்கும். அந்த ஒரே இழுப்புல ரெண்டு லிட்டர் வரைக்கும் உள்ள போகலாம், காத்தா தண்ணியாங்கறது அந்த நேரத்துல உங்க முகம் எங்க இருக்குங்கறதப் பொறுத்தது. அதுக்கப்புறம் நாய் இரைக்கிற மாதிரி மூச்சு, பிரஷர் எகிறும், நெஞ்சு படபடன்னு அடிக்கும். நிலத்துல ஒரு நிமிஷம் மூச்சடக்குறவனால அங்க பத்து செகண்ட்கூட முடியாது. மூச்சும் கைவீச்சும் சேர்ந்தாத்தானே நீச்சல்? மூச்சு உங்க கையில இல்லாதப்ப நீங்க மெடல் வாங்கியிருந்தா என்ன, வாங்காட்டி என்ன?

அந்தப் பையன் சொன்னது அப்படியே: "டாக்டர், யாரோ நெஞ்சுல எட்டி உதைச்ச மாதிரி இருந்துச்சு. கரை தெரியுது, இருபது மீட்டர்தான். கத்தக்கூட முடியல."

இந்த முதல் அடி ரெண்டு மூணு நிமிஷத்துல அடங்கிடும். அடுத்தது கை. குளிர்ல முதல்ல செத்துப்போறது விரலும் முன்கையும்தான், பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல துடுப்பைப் புடிக்க முடியாது, கயித்தைப் புடிக்க முடியாது, கை வீச நெனைப்பீங்க, வீசாது. நல்லா நீந்தறவன்தான் இங்க ஏமாறுவான். கரை கிட்டதான்னு படகை விட்டுட்டு கெளம்பிடுவான், பாதியில கை நின்னுடும். எல்லாரும் பேசுற அந்த 'உடம்பு வெறைச்சுப் போயி சாவறது' இருக்கே, அதுக்கு பெரியவங்களுக்கு அரை மணி நேரத்துக்கு மேல ஆகும். முக்கால்வாசிப் பேர் அது வரைக்கும் போறதே இல்ல. கனடாவுல மானிட்டோபா பல்கலைக்கழகத்துல கோர்டன் கீஸ்பிரெக்ட்னு ஒரு பேராசிரியர், தானே ஐஸ் தண்ணியில இறங்கி ஆராய்ச்சி பண்ணவரு, 1-10-1ன்னு சுலபமா சொல்லுவாரு: மூச்சை வசத்துக்குக் கொண்டுவர 1 நிமிஷம், கை கால் உபயோகமா அசையுற நேரம் 10 நிமிஷம், நினைவு தப்புறதுக்கு 1 மணி நேரம். முதல் ரெண்டையும் தாண்டினாத்தான் மூணாவது.

நாலு பேருல ஒருத்தன் தாண்டல. கடலூர் பக்கம் மீனவக் குடும்பத்துப் புள்ள, ஏப்ரல் மாசம் அங்க ஒரு ஏரியில தனியா பிராக்டீஸ் பண்ணப் போயிருக்கான், ஜாக்கெட் போடல. பெட்டி வந்த அன்னிக்கு நானும் போயிருந்தேன். துக்கத்துக்கு வந்தவங்க எல்லாரும் அந்தம்மா காதுல விழற மாதிரியே பேசுறாங்க, "கடல்லயே பொறந்த புள்ள, தண்ணியிலயா போவான்? யாரோ எதோ பண்ணியிருக்காங்க"ன்னு. பிரேதப் பரிசோதனை ரிப்போர்ட்டைத் தமிழ்ல சொல்லிக் காட்டினேன், தலையாட்டிக் கேட்டாங்க. இன்னிக்கும் அந்தம்மா, கூடத் தங்கியிருந்த பையன்தான் தள்ளிவிட்டான்னு நம்புறாங்க. அந்தப் பையன் அன்னிக்கு அந்த ஊருலயே இல்ல. "நீச்சல் தெரிஞ்சவன் சாக மாட்டான்"கற ஒரு நம்பிக்கை, புள்ள போனதுக்கு அப்புறமும் அந்த வீட்டை விடல.

சொல்லிப் புரியாதவங்களுக்கு நான் ஒண்ணு பண்ணேன். சுண்ணாம்பாறு பக்கம் துடுப்பு போடுற ரெண்டு பசங்க, வெளிநாடு போகப் போறவங்க, தோள் வலின்னு வந்தாங்க. (ஐப்பசி, கார்த்திகை மழையில மூணு மாசம் சும்மா இருந்துட்டு தை பொறந்ததும் முதல் நாளே பத்து கிலோமீட்டர் இழுத்தா தோள் வலிக்காம என்ன செய்யும், அது தனிக்கதை. மழை விட்ட கையோட கால்ல புண்ணோட கழிமுகத்துல இறங்கி எலிக்காய்ச்சலோட வர்றது இன்னொரு கதை.) மீன் மார்க்கெட்டுல இருந்து ஐஸ் வாங்கியாரச் சொல்லி பக்கெட்டுல கொட்டி, தண்ணிய 8 டிகிரிக்குக் கொண்டுவந்து, முழங்கை வரைக்கும் விட்டு அஞ்சு நிமிஷம் வைன்னேன். முதல் நிமிஷம் சிரிச்சாங்க. மூணாவது நிமிஷம் ஒருத்தன் வெளிய எடுத்துட்டான், "எலும்பே வலிக்குது சார்"ன்னான். இன்னொருத்தன் வீம்புக்கு வச்சிருந்தான். எடுத்ததும் லைஃப் ஜாக்கெட் பக்கிளை மாட்டுன்னேன். மாட்ட முடியல. கட்டை விரலால சுண்டு விரலைத் தொடுன்னேன். பக்கத்துல கொண்டுபோறான், தொட மாட்டேங்குது. அவன் தன் கையவே யாரோட கையோ மாதிரி பாத்துக்கிட்டு நின்னான். (நெஞ்சு வலி இருக்கறவங்க, குளிர்ல விரல் வெள்ளையாகுறவங்க இதையெல்லாம் வீட்டுல பண்ணிப் பாக்காதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன்.)

சரி, என்ன பண்ணணும். காத்தைப் பாத்து டிரஸ் பண்ணாத, தண்ணியப் பாத்து பண்ணு. தண்ணியோட டிகிரி என்னன்னு கேக்காம படகுல ஏறாத. பருத்தி வேணவே வேணாம், நனைஞ்சா அது ஈரச்சாக்கு. பிராக்டீஸுக்கு கை இல்லாத வெட்சூட் (உடம்போட ஒட்டிக்கிற ரப்பர் டிரஸ்) போடு, தோள் ஃப்ரீயா சுத்தும். ரேஸ்ல அது போட்டா வேர்த்துக் கொட்டும், ஸ்பீடு குறையும்னு சொல்லுவீங்க, உண்மைதான், அப்ப உள்ள தெர்மல், மேல காத்து புகாத ஜாக்கெட்டாவது போடு. லைஃப் ஜாக்கெட் போடலாமா வேணாமான்னு என்கிட்ட பேசவே பேசாத. ஸ்பிரின்ட் (குறுந்தூர வேக ரேஸ்) ஓட்டறவங்க டிவியில போடறதில்லன்னு ஒருத்தன் சொன்னான், அவங்க பின்னாடி மோட்டார் போட்டுல ஆளு இருக்கு, உன் பின்னாடி யாரு இருக்கா?

ரேஸ் படகு சமாச்சாரமும் தெரிஞ்சுக்கணும். ஒத்தை ஆள் ஸ்பிரின்ட் படகு 5.2 மீட்டர் நீளம், எடை 12 கிலோ, மூச்சு விட்டாலே ஆடும். ஜிம் மெஷின் பலத்தைக் குடுக்கும், பேலன்ஸைக் குடுக்காது. நாலு மாசம் தண்ணி பாக்காதவன் முதல் ரேஸ்ல அந்தப் படகுல ஏறாம அகலமான படகா எடுக்கறதுல ஒரு கேவலமும் இல்ல. கவுந்துட்டா நடு ஆத்துல அதுல திரும்ப ஏறவும் முடியாது. ஆனா அது மிதக்கும், அதை விடாத. முதல் நிமிஷம் நீந்தாத, முகத்தை மேல வச்சு சும்மா மித, மூச்சு அடங்கட்டும், அப்புறம் விசிலடி, கரைய யோசி. இங்கிலாந்துல மைக் டிப்டன் குழுவோட ஆராய்ச்சியில, ரெண்டு மூணு நிமிஷம்னு ஒரு அஞ்சாறு தடவை குளிர் தண்ணியில இறங்கிப் பழகினாலே அந்த முதல் அதிர்ச்சி பாதியா குறையுதுன்னு காட்டியிருக்காங்க. கோச் பக்கத்துல நிக்க, கரையோரமா பண்ணு. தனியா பண்ணாத. அப்பாமாருங்க, 45 வயசுல உங்களுக்கும் ஆசை வந்து சேர்ந்தா முதல்ல ஈசிஜி.

வெளிய எடுத்த ஆளுக்கு பிராந்தி குடுக்காதீங்க. கை கால தைலம் போட்டுத் தேய்க்காதீங்க, சுடுதண்ணி ஷவர்ல நிக்க வைக்காதீங்க, சுருண்டுட்டா நடக்க வைக்காதீங்க. ஈரத்துணிய எடுத்துட்டு காஞ்ச கம்பளியில சுத்தி, தலைய மூடி, படுக்க வைங்க. நடுங்கினா நல்லது. நடுக்கம் நின்னு, பேச்சு குழறினா ஆம்புலன்ஸ். விழுந்தப்ப ஆத்துத் தண்ணிய குடிச்சவன் நல்லாத்தான் பேசுறான்னாலும் ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரி இருக்கட்டும், நுரையீரல் கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் கணக்கு கேக்கும்.

இத்தனையும் ஆயாகிட்ட சொல்லி முடிச்சேன். கேட்டுக்கிட்டு, "அந்த ரப்பர் சட்டை பேரு இன்னா டாக்டரு, எழுதிக் குடுங்க, நான் துட்டு அனுப்பறேன்"னுச்சு. சீட்டுல 'வெட்சூட், கை இல்லாதது, 3 எம்எம்'னு எழுதிக் குடுத்தேன். அரை மணி நேரம் கழிச்சு முக்கு மெடிக்கல்ல இருந்து போன்.

"டாக்டர், இந்த வெட்சூட் மாத்திரையா, மேல தடவறதா? ஆயா உக்காந்துக்கினு போவ மாட்டேங்குது."