வீட்டில் பூனை இருந்தால் ஈஸ்டர் மேசைக்கு லில்லி வேண்டாம்

உயிர்த்த ஞாயிறு முடிந்த கையோடு வரும் ஒரு தொலைபேசி அழைப்புக்கு நான் ஒவ்வொரு வருடமும் பயப்படுகிறேன். "டொக்டர், பூனை ராத்திரியிலிருந்து சத்தி எடுக்குது, ஒண்டும் சாப்பிடுதில்லை." மேசையில் என்ன பூ வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் நான் முதலில் கேட்பது.

இங்கே ரொறன்ரோவில் வெளியே இன்னும் குளிர் விடாத நாட்களில், சாப்பாட்டு மேசை நடுவில் வேரோடு ஒரு பச்சை இருந்தால் வீடே மாறிவிடும், வெட்டிய பூவை விட எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் கடைக்குப் போனால் கண்ணில் முதலில் படுவது வெள்ளை ஈஸ்டர் லில்லிதான். பூனைக்கு அதன் இலை, தண்டு, பூ மட்டுமல்ல, உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும், சாடியில் தேங்கிய தண்ணீரைக் குடித்தாலும் விஷம்தான். முதலில் வாந்தி வரும், அது கொஞ்சம் அடங்கியதும் சரி, சுகமாகிவிட்டது என்று நினைப்போம். ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் சிறுநீரகம் செயலிழக்கும். ஒரு குடும்பம் அப்படித்தான், விருந்தில் விழுந்த ஆட்டிறைச்சியைத் தின்றிருக்கும் என்று நினைத்து இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கொண்டுவந்தார்கள். சேலைன் ஏற்றியும் அந்தப் பூனையைக் காப்பாற்ற முடியவில்லை. சாப்பிட்ட 18 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, அதனால் நக்கியதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தாலும் உடனே கிளம்புங்கள், செடியின் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு. பெயரில் லில்லி இருந்தாலும் பீஸ் லில்லி வேறு குடும்பம், அது வாயை எரிய வைக்கும், சிறுநீரகத்தைத் தொடாது.

அப்படியானால் மேசையில் எதை வைப்பது? நான் வைப்பது கோதுமைப் புல். குருத்தோலை ஞாயிறுக்கு (ஈஸ்டருக்கு ஒரு வாரம் முந்தின ஞாயிறு) முந்தின வியாழன் இரவு கோதுமையை ஊறப்போட்டு, மறுநாள் அகலமான தட்டில் ஒரு அங்குலம் மண் பரப்பி, விதை விதையோடு நெருக்கமாக இருக்கும்படி தூவி, ஈரத்துணியால் மூடி வையுங்கள், முளை கிளம்பியதும் துணியை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள். பெருநாளுக்குள் விரல் நீளப் புல் நிற்கும். நடுவில் பான்சியோ ஆபிரிக்கன் வயலட்டோ அதன் சின்னத் தொட்டியோடே இறக்கினால் போதும், மண்ணில் நடவேண்டாம், ஏனென்றால் அலங்காரத் தட்டில் துளை இருக்காது, தண்ணீர் தேங்கி வேர் அழுகும். தொட்டியாக இருந்தால் வெளியே எடுத்து நனைத்து வடியவிட்டு வைத்துவிடலாம். உயரமாக ஏதாவது வேண்டுமென்றால் ஃபலநாப்சிஸ் ஆர்க்கிட், பூனைக்கும் நாய்க்கும் பயமில்லை.

டாஃபடில், டியூலிப், ஹையசிந்த் கிழங்குகளும் ஆபத்துத்தான், நாய் தோண்டித் தின்றுவிடும். டாஃபடில் கிழங்கு பார்க்க அப்படியே வெங்காயம் போலிருக்கும், மனிதருக்கும் வாந்தி வரவைக்கும், ஆகவே மீதிக் கிழங்கைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

விருந்து முடிந்ததும் புல் தட்டை ஜன்னல் ஓரத்தில் தரையில் வைத்துவிடுங்கள், பூனை ஆசையாக மேயும்.