சிறு விமானத்தின் ஐடிலிங்: கால் சுற்றுத் திருகில் அடங்கியிருப்பது

மண்டபம் ஊரில் இருசக்கர வாகனங்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் சென்ற வாரம் என் அக்காள் மகனின் வண்டிக்கு ஐடிலிங் வைத்தார்கள், அதாவது முடுக்காதபோதும் எஞ்சின் நிற்காமல் மெல்ல ஓடும் வேகத்தைச் சரிசெய்தார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மெக்கானிக் குந்தி உட்கார்ந்து, காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரின் திருகில் ஸ்குரூடிரைவரை வைத்து, தலையைச் சாய்த்துக் காதால் கேட்டபடியே திருகினார். தடதடப்பு அடங்கி ஓட்டம் சீரானதும் கையை எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து உச்சிப்புளிப் பக்கமிருந்து கடற்படை விமானம் ஒன்று தலைக்கு மேலே போனது. "விமானத்துக்கும் இப்படித்தான் வைப்பார்களா மாமா?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. உச்சிப்புளியில் 2009-இல் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். பருந்து தளத்திலிருந்து பறக்கும் டோர்னியர் விமானம், டர்பைன் எஞ்சின் விசிறியைச் சுழற்றும் டர்போபிராப் வகை. அதில் கார்புரேட்டரே கிடையாது. ஆனால் விமானி பயிற்சிப் பள்ளிகளில் ஓடும் செஸ்னா 152 போன்ற சிறு விமானங்களில் இருப்பது பிஸ்டன் எஞ்சின். அதில் கார்புரேட்டரும் உண்டு, திருகும் உண்டு. அதைத் திருப்பும் முறைதான் முற்றிலும் வேறு.

எஞ்சினை முடுக்கும் பிடியான திராட்டிலை முழுவதும் மூடினாலும் கார்புரேட்டருக்குள் இருக்கும் வட்டத் தகடு காற்றுவழியை முழுதாக அடைத்துவிடாது. ஒரு மெல்லிய இடைவெளி விடும். அந்த இடைவெளியைத் தீர்மானிப்பது ஐடிலிங் திருகு. அவ்வளவு குறைந்த காற்றோட்டத்தால் முதன்மைக் குழாயிலிருந்து பெட்ரோலை இழுக்க முடியாது. அதற்காகவே தகட்டின் விளிம்பையொட்டிச் சிறு துளைகள் வைத்திருக்கிறார்கள். எஞ்சின் பக்கத்து உறிஞ்சல் அந்தத் துளைகள் வழியாக எரிபொருளை இழுத்துக்கொள்கிறது. ஆக, சரிசெய்ய வேண்டியவை இரண்டு: காற்றின் அளவு, கலவையின் செறிவு. கலவையைச் சோதிக்க அழகான வழி ஒன்று உண்டு. சூடேறிய எஞ்சினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, எரிபொருளை நிறுத்தும் கலவைப் பிடியை மெல்ல இழுக்க வேண்டும். எஞ்சின் அணைவதற்கு முன் சுழற்சி சற்றே கூடிப் பிறகு விழும். செஸ்னா 152-இல் இருப்பது போன்ற லைகாமிங் நிறுவன எஞ்சின்களில் அந்தக் கூடுதல் நிமிடத்துக்கு 10 முதல் 50 சுற்றுக்குள் இருந்தால் நல்லது. சுழற்சி கூடாமலே விழுந்தால் கலவையில் பெட்ரோல் போதவில்லை. 50-ஐத் தாண்டினால் பெட்ரோல் மிகுதி. பிளக்கில் கரி படியும்.

ஐடிலிங் பொதுவாக நிமிடத்துக்கு 600 முதல் 700 சுற்று. வண்டியில் இது குறைந்து எஞ்சின் நின்றால் மறுபடி உதைத்துக் கிளப்பிக்கொள்ளலாம். விமானத்தில் ஐடிலிங் பயன்படும் முக்கியமான நேரம் தரையிறங்கும் நேரம். விமானி திராட்டிலை மூடுகிறார். வேகம் இருக்கும்வரை எதிர்க்காற்றே மூக்கிலுள்ள விசிறியைச் சுழற்றி எஞ்சினுக்குத் துணைநிற்கும். ஓடுதளத்தை நெருங்கி வேகம் தளரும்போது அந்தத் துணை குறைந்துவிடும். ஐடிலிங் தாழ்வாக வைக்கப்பட்டிருந்தால் எஞ்சின் அந்த இடத்தில் அணையக்கூடும். ஓடுதளத்தில் மாடு நிற்பதைக் கண்டு மறுபடி மேலெழ நினைத்தால் கையில் எஞ்சின் இருக்காது. அதிகமாக வைத்தாலும் வம்புதான்: விமானம் இறங்க மறுத்து மிதந்துகொண்டே போகும், ஓடுதளம் தீர்ந்துகொண்டே வரும்.

நம் கடற்கரைக்கு இதில் தனிக் கவனம் வேண்டும். 35 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி, 15 டிகிரியில் இருப்பதைவிட ஏறத்தாழ 6 சதவீதம் குறைவு. காற்று மெலிந்தால் கலவையில் பெட்ரோல் ஓங்கும். எண்ணெயும் இளகி, ஐடிலிங்கில் அதன் அழுத்தம் இறங்கும். மழைக்காலத்தில் வருவது வேறு தொல்லை: கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி! ஐப்பசி, கார்த்திகையில் வெளியே 25 டிகிரி இருக்கும்போது பனிக்கட்டியா என்று பலர் நம்புவதில்லை. பெட்ரோல் ஆவியாகும்போதும் காற்று குறுகலான வழியில் விரையும்போதும் உள்ளே வெப்பநிலை 20 டிகிரிக்கும் அதிகமாகக்கூடக் குறையக்கூடும். பாக் நீரிணையிலிருந்து வரும் வாடைக்காற்றின் ஈரம், பாதி மூடிய தகட்டின் ஓரத்தில் உறைந்து வழியை அடைத்துவிடும். இதைத் தடுக்கத்தான் திராட்டிலை மூடுமுன் விமானி சூடான காற்றைத் திறந்துவிடுகிறார். சூடான காற்று மெலிந்தது, அதனால் ஐடிலிங் இன்னும் இறங்கும். எனவே அந்த நிலையிலும் எஞ்சின் நிற்காமல் ஓடுகிறதா என்று பார்க்காமல் ஐடிலிங் வைத்து முடித்ததாகச் சொல்லவே கூடாது.

இனித் திருகுக்கு வருவோம். செஸ்னா 152-இன் விசிறி ஏறத்தாழ 1.75 மீட்டர் விட்டம். வெறும் 700 சுற்றிலேயே அதன் நுனி மணிக்கு 230 கிலோமீட்டர் வேகத்தில் போகும். கண்ணுக்கு மங்கலான வட்டமாகத்தான் தெரியும். கார்புரேட்டர் இருப்பதோ அதன் பின்னால் ஒரு கை தூரத்தில். பட்டறை மெக்கானிக்கைப் போல ஓடும் எஞ்சினில் கையை நீட்டுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளமாட்டேன். எஞ்சினை நிறுத்தி, பிளக்குக்குப் பொறி தரும் மேக்னெட்டோவை அணைத்து, சாவியை உருவி, திருகுபவர் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அதன் பிறகும் விசிறியைக் கையால் அசைக்கக் கூடாது. மேக்னெட்டோவுக்கு பேட்டரி தேவையில்லை. அதை அணைக்கும் கம்பி அறுந்திருந்தால், சாவி பையில் இருந்தாலும் பொறி பிறக்கும், விசிறி உதைக்கும். கால் சுற்று திருப்பி, விலகி வந்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, விமானி அறையில் ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, மறுபடி கிளப்பிப் பார்க்க வேண்டும். சரியாக வரவில்லையென்றால் மறுபடி நிறுத்தம், மறுபடி சாவி, மறுபடி கால் சுற்று.

ஒன்றை மட்டும் அவனிடம் அழுத்திச் சொன்னேன். விமானி அறைக்குள் இருக்கும் திராட்டில் பிடி தன் எல்லையைத் தொடுமுன், கேபிள் வழியாக அது இழுக்கும் கார்புரேட்டரின் நெம்புகை ஐடிலிங் திருகில் போய் முட்ட வேண்டும். உப்புக்காற்றில் கேபிள் துருப்பிடித்து இறுகினால் அந்த நெம்புகை திருகைத் தொடாமல் பாதியில் நின்றுவிடும். அப்போது திருகை எவ்வளவு திருப்பினாலும் ஐடிலிங் மாறாது. ஸ்குரூடிரைவரை எடுக்குமுன் கேபிளைத்தான் பார்க்க வேண்டும்.