தேர்வில் தேறியும் கைக்கு வராத 48,000 ரூபாய்

பெங்களூரில் அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படிக்கும் கெட்டிக்காரப் பிள்ளைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது என்.எம்.எம்.எஸ். என்ற தேசிய வருவாய்வழி-தகுதி உதவித்தொகை. எட்டாம் வகுப்பில் ஒரு தேர்வு. தேறிப் பட்டியலில் இடம்பிடித்தால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நான்கு ஆண்டுக்கு 48,000. 2008 முதல் மத்திய அரசு கொடுக்கிறது. நாடு முழுக்க ஆண்டுக்கு 1 லட்சம் புதிய இடங்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கையும் தனித்திறன் உள்ள மாணவர்களைப் பற்றி நிறையப் பேசுகிறது. ஆனால் கொள்கையில் இருப்பதை எங்கள் உரிமை என்று கேட்டு வாங்க முடியாது. இந்த உதவித்தொகையைக் கேட்கலாம்.

ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் (எஸ்.சி., எஸ்.டி. என்றால் 50), பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 3.5 லட்சத்துக்குள். இந்த இரண்டும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். முதல் அநியாயம் இங்கேதான் தொடங்குகிறது. விண்ணப்பம் பள்ளி வழியாகப் போவதால், சில பள்ளிகளில் வகுப்பின் முதல் ஐந்து பேரை மட்டும் அனுப்பிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். வீட்டில் தமிழ், வகுப்பில் கன்னடம் என்று வளரும் பிள்ளை வாய் திறக்க மாட்டான். "அவன் சுமார்தான்" என்று ஆசிரியர் முடிவு கட்டிவிடுவார். தேர்வில் 90 கேள்விகள் பாடத்திலிருந்து, 90 கேள்விகள் சிந்தனைத் திறன்: எண் வரிசை, உருவம் கண்டுபிடித்தல், தொடர்பு அறிதல். வகுப்பில் கை தூக்காத பிள்ளைகள் பலர் இந்தப் பகுதியில்தான் பிரகாசிக்கிறார்கள். 55 சதவீதம் எடுத்த பிள்ளையை வேண்டாம் என்று சொல்லப் பள்ளிக்கு அதிகாரம் இல்லை. ஹெட்மாஸ்டர் மறுத்தால், மறுப்பை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர யாருக்கும் கை வராது; பெயர் சேர்ந்துவிடும்.

அடுத்தது பள்ளி மாற்றம். கர்நாடகத்தில் ஹைஸ்கூல் எட்டாம் வகுப்பில் தொடங்குகிறது. பிள்ளை நன்றாகப் படிக்கிறாள் என்று பெற்றோர் கடன் வாங்கித் தனியார் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்ப்பதும் அப்போதுதான். அந்த நாளோடு தகுதி போய்விடும். தனியார் பள்ளியில் ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டம்) இலவச இடத்தில் படித்தாலும் கிடையாது. கேந்திரிய வித்யாலயா, நவோதயா, மொரார்ஜி தேசாய் போன்ற அரசு உறைவிடப் பள்ளிகளுக்கும் கிடையாது. தேறிய பிறகு ஒன்பதில் தனியாருக்கு மாறினாலும் நின்றுவிடும். சேர்ப்பதற்கு முன்னால் இதைச் சொல்ல யாரும் இருப்பதில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

வருமானச் சான்றிதழை நாடகச்சேரி என்கிற வருவாய்த் துறை அலுவலகத்தில் வாங்க வேண்டும். அதில் ஆர்.டி. நம்பர் என்ற சான்றிதழ் எண் இருக்கும், அது இல்லாத தாள் எதுவும் செல்லாது. விண்ணப்பித்ததும் சகாலா (குறித்த நாளுக்குள் அரசு சேவை தர வேண்டும் என்கிற கர்நாடகத் திட்டம்) ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண் கையில் இல்லாதவரைத்தான் நாளைக்கு வா, அடுத்த வாரம் வா என்று அலைய விடுகிறார்கள்.

எஸ்.சி. குடும்பங்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். தமிழ்நாட்டில் வாங்கிய ஜாதிச் சான்றிதழை இங்கே ஏற்பதில்லை. அப்பாவோ தாத்தாவோ கர்நாடகத்தில் படித்த பள்ளி டி.சி. இருந்தால் அதைக் காட்டி இங்கேயே விண்ணப்பியுங்கள். சான்றிதழ் கையில் இல்லாமல் எஸ்.சி. என்று பதிந்துவிட்டால், தேறிய பிறகு சரிபார்ப்பில் பெயர் அடிபடும். பொதுப் பிரிவில் தேறக் குறைந்தது 40 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 32. சான்றிதழ் வராது என்றால் பொதுப் பிரிவில் எழுதுவதே பத்திரம்.

பட்டியலில் பெயர் வந்ததும் பலர் இனிப்புக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். பெயர் வந்ததால் பணம் வராது. ஒன்பதாம் வகுப்பில் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பிள்ளையின் பெயரில் தனியாகப் பதிய வேண்டும். பிறகு பள்ளி சரிபார்க்கும், அதற்குப் பிறகு மாவட்ட அதிகாரி சரிபார்ப்பார். அந்த ஆண்டு தவறினால் நான்கு ஆண்டும் போச்சு. அடுத்த ஆண்டு புதிதாகச் சேர்க்க மாட்டார்கள். பள்ளியில் அந்தப் பொறுப்பிலிருந்த ஆசிரியர் மாற்றலாகிப் போய், பாஸ்வேர்டு யாரிடமும் இல்லாமல், பிள்ளைகளின் விண்ணப்பம் கடைசி நாள்வரை அப்படியே கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். பள்ளி சரிபார்த்துவிட்டதா என்று விண்ணப்ப எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள். "அனுப்பியாச்சு" என்ற வாய்ச்சொல்லை நம்பி வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.

பதியும்போது சைபர் சென்டர்காரரின் மொபைல் எண்ணைக் கொடுக்காதீர்கள். ஓ.டி.பி. ஒவ்வொரு ஆண்டும் அந்த எண்ணுக்குத்தான் வரும். கடையே மூடிப் போயிருக்கும்.

நம் ஆட்களுக்கென்றே ஒரு தொல்லை இனிஷியல். ஆதாரில் எம். கவிதா, பள்ளிப் பதிவில் கவிதா எம்., பாஸ்புக்கில் கவிதா முருகன். நமக்கு ஒரே பெண்தான், கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். ஏழாம் வகுப்பிலேயே மூன்றையும் ஒன்றாக்கிவிடுங்கள். பள்ளிப் பதிவைத் திருத்த நேரம் பிடிக்கும், ஆதாரைத் திருத்துவது பெரும்பாலும் சுலபம். 15 வயதானதும் ஆதாரில் கைரேகை, கண் பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும்.

வங்கியில் ஆதார் கொடுத்திருப்பது போதாது. என்.பி.சி.ஐ. சீடிங் (அரசுப் பணம் வர ஆதாரோடு கணக்கை இணைப்பது) ஆகியிருக்கிறதா என்று அந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள். பணம் கடைசியாக சீடிங் ஆன கணக்குக்குத்தான் போகும். எப்போதோ திறந்து மறந்த கணக்கில் பணம் விழுந்திருக்க, பெற்றோர் பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அதிகாரி) ஆபீஸ் வாசலில் காத்துக்கிடப்பார்கள்.

ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி.யில் 60 சதவீதம் (எஸ்.சி., எஸ்.டி. 55) எடுத்தால்தான் பி.யு.வில் (பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு) தொடரும். பி.யு. கல்லூரியும் அரசு அல்லது உதவி பெறும் கல்லூரியாக இருக்க வேண்டும். சேரும்போதே அங்குள்ள அலுவலரிடம் "என்.எம்.எம்.எஸ். புதுப்பித்தல் இருக்கிறது" என்று சொல்லி வையுங்கள். இது எங்கள் வேலை இல்லை, ஹைஸ்கூலைக் கேள் என்பார்கள். ஹைஸ்கூல் கல்லூரியைக் காட்டும். புதுப்பித்தலைச் சரிபார்க்க வேண்டியது பிள்ளை இப்போது படிக்கும் இடம்தான்.

எங்கே போனாலும் மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் சீலும் தேதியும் வாங்குங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, என் பிள்ளையின் விண்ணப்பம் எந்த அதிகாரியிடம் எந்தத் தேதியிலிருந்து நிற்கிறது என்று கேளுங்கள்.